ஒட்டுதலும் படைத்தலும்

சிற்பம் என்ற சொல்லை நம்மவர் சபையொன்றில் உச்சரித்தால் இரண்டு வகையான மௌனம் உண்டாகும். ஒன்று, ‘அது ஹராம், இதில் பேச என்ன இருக்கிறது’ என்ற மௌனம். மற்றது, ‘இவர்கள் இன்னும் இந்த இடத்திலேயே நிற்கிறார்களே’ என்று சலித்துக்கொள்ளும் படித்தவர்களின் மௌனம். இரண்டிலும் எனக்குத் திருப்தியில்லை. முதலாமவர் கேள்வியை மூடி வைக்கிறார். இரண்டாமவர் கேள்வியே இல்லையென்கிறார். முப்பது வருடங்களுக்கு மேல் பாடசாலையில் சித்திரம் படிப்பித்துவிட்டு, ஓய்வுபெற்ற பின் எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையொன்றில் இரும்பை வெட்டி ஒட்டி உருவம் செய்யப் பழகத் தொடங்கியவன் நான். கேள்வி இருக்கிறது என்பதை எனக்குக் கிதாபுகளைவிட அந்தப் பட்டறையே அதிகம் உணர்த்தியது.

உருவம் சமைப்போரிடம் மறுமையில் அவர்கள் செய்தவற்றுக்கு உயிர் கொடுக்கும்படி கேட்கப்படும் என்ற கருத்தில் வரும் ஹதீஸ்கள் ஸஹீஹான கிரந்தங்களில் உள்ளவை. அவற்றைத் தட்டிக்கழிக்க நான் வரவில்லை. தட்டிக்கழிப்பவர்கள் பெரும்பாலும் அவற்றின் அழகைக் கவனிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். கைவினைஞனை அவனுடைய சொந்தக் கைவேலையின் முன்னால் நிறுத்தி, ‘சரி, இனி மூச்சு விடச்சொல்’ என்று கேட்பதைவிடக் கூர்மையான கலை விமர்சனம் உலகில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எந்தச் சிற்பியும் ஏதோவொரு இரவில் தன் வேலையைப் பார்த்து அதையே கேட்டிருப்பான்.

ஆனால் அதே மூலங்களில் வேறு சிலவும் இருக்கின்றன. சூறா ஸபஃவில், சுலைமான் நபிக்கு உருகிய செம்பு ஊற்றாக ஓடச்செய்யப்பட்டதும், ஜின்கள் அவருக்காக ‘தமாதீல்’ என்னும் உருவங்களைச் செய்ததும் அருளாகவே சொல்லப்படுகின்றன. அது முந்திய ஷரீஅத் என்று முஃபஸ்ஸிர்கள் பலர் விளக்குவர், இருக்கட்டும். ஈஸா நபி களிமண்ணில் பறவையின் வடிவை அமைப்பதைச் சொல்லும்போது அல்குர்ஆன் பாவிக்கும் வினைச்சொல், அல்லாஹ்வின் படைத்தலுக்குப் பாவிக்கும் அதே ‘கலக்க’ என்ற வேரிலிருந்து வருவது. மனிதன் கையால் வடிவமைப்பதற்கும் அச்சொல் பொருந்துகிறது. மூச்சும் உயிரும் அல்லாஹ்வின் அனுமதியால் வருகின்றன. ‘அல் முஸவ்விர்’ என்பது அவனுடைய அழகிய திருநாமங்களில் ஒன்று. அதே ‘முஸவ்விர்’ என்ற சொல்தான் இன்றைய அரபியில் போட்டோ பிடிப்பவருக்கும். ஹஜ்ஜுக்குப் போக எல்லோரும் அவர் முன்னால் போய் அமர்ந்துதானே வந்தோம்!

ஆயிஷா நாயகி அவர்களிடம் விளையாட்டுப் பொம்மைகள் இருந்ததும், அவற்றில் சிறகுள்ள குதிரையொன்று இருந்ததும் அபூதாவூதில் வருகின்றன. இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் உருவம் செய்து பிழைக்கும் ஒருவர் வந்து கேட்டதும், எச்சரிக்கையைக் கேட்டு அவர் முகம் வெளிறிப் போனதும், செய்தே ஆகவேண்டுமென்றால் மரத்தையும் உயிரில்லாதவற்றையும் செய் என்று அவருக்குச் சொல்லப்பட்டதும் புகாரியில் உள்ளன. இந்தக் கடைசிச் சம்பவத்தில் என்னைத் தொடுவது தீர்ப்பு மட்டுமல்ல. கேட்டவர் தன் கையின் உழைப்பால் வாழ்கிறவர் என்று தன்னை அறிமுகப்படுத்துகிறார். பதில் சொன்னவர் அந்தக் கையை வெட்டிவிடவில்லை. அதற்கு வேறு வேலை காட்டினார்.

இனி இரும்புக்கு வருகிறேன்.

கல்லில் வேலை செய்பவன் இருப்பதிலிருந்து எடுத்தெறிந்துகொண்டு போகிறான். களிமண்ணில் செய்பவன் சேர்த்துப் பிசைந்துகொண்டு போகிறான். வார்ப்பவனுக்கு அச்சு வேண்டும். தகட்டையும் கம்பியையும் வெட்டி, வளைத்து, ஒட்டி எழுப்பும் முறை இம்மூன்றிலும் சேராது. தகட்டைத் தட்டி ஆணியடித்துப் பொருத்தும் வேலை பழையதுதான். அர்த்துக்கிய அரசவையில் வேலை பார்த்த அல் ஜஸரி 1206இல் முடித்த இயந்திர நூலில் யானைக் கடிகாரமும், செம்புத் தகட்டில் செய்யும் ஆட்களும் பறவைகளும் வருகின்றன. உருவம் என்றாலே முஸ்லிம் கைவினைஞர்கள் விலகிப் போனார்கள் என்று நினைப்பவர்கள் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும். நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் நூதனசாலையில் நிற்கும், 1181-82ஆம் ஆண்டைச் சேர்ந்த வெண்கலச் சிங்கத்தையும் பார்க்கலாம். அது ஒரு சாம்பிராணிச் சட்டி. செய்தவர் ஜஃபர் இப்னு முஹம்மத் இப்னு அலீ, தன் பெயரை அதிலேயே பொறித்து வைத்திருக்கிறார்.

எனினும் இந்த முறை சிற்பிகளின் கைக்குப் பரவலாக வந்தது வெல்டிங் வந்த பிறகே. அதைக் கொண்டுவந்தவர் ஒரு கொல்லர் வீட்டுப் பிள்ளை. பார்சலோனாவைச் சேர்ந்த ஹுலியோ கொன்ஸாலெஸ் 1918இல் பாரிசுக்குப் பக்கத்தில் ரெனோல்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது ஒட்சி-அசற்றலீன் ஒட்டுமுறையைப் பழகினார். பத்து வருடங்களுக்குப் பிறகு, 1928 முதல், உலகப் புகழ் பெற்றிருந்த பிக்காசோ தன் மனதிலிருந்த இரும்பு வேலைகளுக்காக இவரை நாடி வந்தார். புகழ் பெற்றவர் கைத்தொழிலாளியிடம் வந்தார் என்பதை நான் மாணவர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவின் டேவிட் ஸ்மித்தும் அப்படித்தான். 1925இல் ஸ்ருட்பேக்கர் கார்த் தொழிற்சாலையில் கற்ற வேலையை அவர் கடைசிவரை விடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஸ்கெனெக்டடி நகரில் டாங்கிகளையும் ரயில் எஞ்சின்களையும் ஒட்டினார். போர் முடிந்ததும் அதே கையால் சிற்பங்களை ஒட்டினார்.

கொன்ஸாலெஸின் ‘மொன்செராத்’ என்ற சிற்பத்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஸ்பானிய உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1937இல் பாரிஸ் உலகக் கண்காட்சியின் ஸ்பானிய மண்டபத்தில் வைக்கப்பட்டது. இப்போது அம்ஸ்ரடாமில் இருக்கிறது. இரும்புத் தகட்டில் செய்த ஒரு குடியானவப் பெண். தலையில் முக்காடு, ஒரு கையில் பிள்ளை, மறு கையில் அரிவாள். எங்கள் கரையோரத்தில் எந்த வீட்டு வாசலிலும் நிற்கக்கூடிய ஒருத்தி. அந்தப் படம்தான் என்னை வெல்டிங் பட்டறைக்குக் கூட்டிப் போனது என்று சொன்னால் மிகையாகாது.

பட்டறை பாஸ், ஜித்தாவில் பதினொரு வருடம் வெல்டராக இருந்து வந்தவர். என்னைவிட இளையவர், ஆனாலும் அங்கே நான்தான் மாணவன். முதல் இரண்டு கிழமையும் எதையும் எதனோடும் ஒட்ட விடவில்லை. ஒரு தட்டையான தகட்டைத் தந்து அதன்மேல் கோடு கோடாக வெல்டிங் ஓடச்சொன்னார். குச்சி போய் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் தகடும் சேர்ந்து வரும். ‘கண்ணால பாக்காதீங்க சேர், காதால கேளுங்க. முறுக்குப் பொரியிற சத்தம் வரணும். அந்தச் சத்தம் வந்தா நீங்க சரியான தூரத்துல இருக்கீங்க’ என்றார். குச்சியின் முனைக்கும் இரும்புக்கும் இடையில் குச்சியின் பருமனளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். கூடினால் தெறிக்கும், குறைந்தால் ஒட்டும். கருங்கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் உலகமே இருண்டு, சின்னஞ்சிறு வெளிச்சக் குளமொன்று மட்டும் தெரியும். அந்தக் குளத்தை நடத்திக்கொண்டு போவதுதான் வேலை. ஆறியதும் மேலே கறுத்த ஓடாக மூடியிருக்கும் கசட்டைச் சுத்தியலால் தட்டினால் உள்ளே வேலையின் யோக்கியதை தெரியும். நல்ல வெல்டிங் என்றால் ஓடு தானாகவே கழன்று வரும்.

இரும்பு இழுக்கும் என்பதை அங்கேதான் கற்றேன். ஒட்டிய பக்கம் ஆறும்போது சுருங்கி மற்றதைத் தன் பக்கம் வளைத்துவிடும். ஆகவே முதலில் எதிரெதிராக நாலு இடத்தில் சின்னப் பொட்டு வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சில வேளைகளில் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் கொஞ்சம் வளைத்து வைக்க வேண்டும். நாகம் பூசிய குழாயைத் தேய்க்காமல் ஒட்டினால் வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவனுக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் நிச்சயம். கண்ணாடி இல்லாமல் ஒரு கணம் பார்த்தாலும் அன்றிரவு கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல இருக்கும். இவற்றையெல்லாம் ஏன் சொல்கிறேனென்றால், உருவம் செய்பவன் தன்னைக் கடவுளோடு ஒப்பிட்டு அகங்காரம் கொள்கிறான் என்ற குற்றச்சாட்டை நான் யோசித்துப் பார்த்த இடம் இதுதான். அந்தப் பட்டறையில் எனக்கு அகங்காரம் வர வழியே இருக்கவில்லை. எனக்குக் கிடைத்தவை எல்லாம் எனக்கு முன்னரே இருந்தவை. அவற்றின் குணத்தை நான் உண்டாக்கவில்லை. அதற்குக் கீழ்ப்படியத்தான் பழகினேன். வார்ப்பிரும்பு சாதாரணக் குச்சிக்கு மசியாது. ஒட்டியதுபோல நின்று, ஆறும்போது ‘டிக்’ என்று வெடிக்கும். அதற்கு என்னுடைய கற்பனையைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை.

தாவூத் நபிக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதைச் சொல்லும் வசனத் தொடரில், கவசத்தின் வளையங்களை அளவாகச் செய்யும்படியும், நற்செயல் புரியும்படியும் ஏவல் ஒன்றையொன்று ஒட்டியே வருகிறது. வளையத்தின் அளவும் ஸாலிஹான அமலும் அடுத்தடுத்து! சூறா ஹதீதிலும் அப்படித்தான்: வேதமும், நீதிக்கான தராசும், பிறகு இரும்பும். நம் பயான்களில் அந்த வசனம் வந்தால், இரும்பு வானத்திலிருந்து வந்தது என்ற விஞ்ஞானத்தை அரை மணி நேரம் பேசுவார்கள். தராசைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. மோசமான ஒட்டை அரைத்து மழுப்பி, மேலே பட்டி பூசி, பெயின்ற் அடித்து வெளியே காட்டாமல் விடலாம். எந்த முஃப்தியும் அதைப் பார்க்கப்போவதில்லை. பாஸ் பார்ப்பார். பாடசாலைக் கேற் ஒன்றில் அப்படி ஒருவன் செய்த வேலையைக் காட்டி அவர் சொன்ன வார்த்தை எழுதத் தகுந்ததல்ல.

உருவம் கூடுமா கூடாதா என்று நூற்றாண்டுகளாக நடக்கும் தர்க்கம் முழுவதும் வடிவத்தைப் பற்றியது. செய்யும் பொருள் யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. என்னைப் பொறுத்தவரை அதுவே கடினமான பகுதியாக இருந்தது.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அடுத்த வருடம் இடிபாடுகளை அள்ளியபோது இரும்பு தனியாகக் குவிந்தது. முறுக்கிப் பிழிந்த சைக்கிள்கள், ஜன்னல் கம்பிகள், கூரைக் குழாய்கள், நெசவுத் தறிகளின் உதிரிகள், தையல் மெஷின்கள். பழைய இரும்பு வாங்குபவர்கள் லொறியில் வந்து நிறுத்து எடுத்துப் போனார்கள். நான் கொஞ்சத்தை வாங்கி வீட்டின் பின்னால் போட்டு வைத்தேன். அப்போது என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது. அவை பன்னிரண்டு வருடங்கள் அங்கே கிடந்தன.

விழுந்து கிடக்கும் பொருளுக்கு நம் பிக்ஹில் ஒழுங்கான சட்டமுண்டு. ‘லுக்கதா’ என்ற பாடம். பெறுமதியான பொருளென்றால் ஒரு வருடம் அறிவிக்க வேண்டும். பின்னரும் உரியவர் வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அற்பமானவற்றுக்கு அந்த நிபந்தனை இல்லை. சுனாமி இரும்பு இதில் எந்த வகை? கிலோக் கணக்கில் பார்த்தால் அற்பம். ஆனால் ஒரு வீட்டில் யாருமே மிஞ்சவில்லையென்றால் அந்த வீட்டுக் கேற்றின் வாரிசு யார்? விலைக்குத்தானே வாங்கினேன் என்று சொல்லலாம். விற்றவனுக்கு அதை விற்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் உரியதல்ல. மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் 1992இல் முடிந்தபின், 1995 முதல் கிறிஸ்தவ சபைகளின் அமைப்பொன்று, பிஷப் டினிஸ் செங்குலானேயின் முன்முயற்சியில், ஒளித்து வைத்திருந்த துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு பதிலுக்குத் தையல் மெஷின், சைக்கிள், கலப்பை போன்றவற்றைக் கொடுத்தது. வெட்டிய துப்பாக்கிகளைக் கலைஞர்கள் ஒட்டிச் சிற்பமாக்கினார்கள். கெஸ்டர் என்றழைக்கப்படும் கலைஞர் 2001இல் செய்த ‘ஆயுதச் சிம்மாசனம்’ இன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. சிறந்த வேலைதான். எனினும் அந்தத் துப்பாக்கிகளால் செத்தவர்களின் உறவினர் அந்த நாற்காலியின் முன் என்ன நினைப்பார் என்று எனக்குத் தோன்றாமலில்லை. டாக்காவின் நொவேரா அஹ்மத், வங்காளதேசத்தின் முதல் நவீன சிற்பி என மதிக்கப்படுபவர், 1970இல் பாங்கொக்கில் காட்சிக்கு வைத்த வேலைகளில் வியட்நாம் போரில் விழுந்த அமெரிக்க விமானங்களின் சிதைவுகளைப் பயன்படுத்தினார். இந்தத் துறையில் முஸ்லிம் பெயர் ஒன்றைத் தேடுவோருக்கு அவர் பெயரையே முதலில் சொல்வேன். நமது நாட்டிலோ 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து இரும்பு லொறி லொறியாகப் போய் உருகியது. அதில் எவர் வீட்டுக் கூரை, எவர் பிள்ளையின் சைக்கிள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 1990இல் வடக்கிலிருந்து இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டவர்களின் வீட்டு ஜன்னல்களும் நிலைகளும் அதற்கு முன்பே போய்விட்டன.

என்னிடமிருந்த தையல் மெஷினின் தலைப்பகுதி யாருடையதென்று எனக்குத் தெரியும். அந்தத் தாய் உயிரோடிருக்கிறார். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். கேட்காமல் அதைத் தொடக்கூடாது என்று தோன்றியதால் போய்க் கேட்டேன்.

‘அத வெச்சி என்ன செய்யப்போறீங்க, சேர்?’

‘ஒரு நினைவுச் சின்னம் மாதிரி, ராத்தா.’

‘ஆருக்கு?’

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மறந்துவிடுவோருக்கு என்று சொன்னேன். தனக்கு அது தேவையில்லை என்பதை அவர் வார்த்தையால் சொல்லவில்லை. மறுநாள் பட்டறைக்கு மகனோடு வந்து, துருப்பிடித்திருந்த பொபின் கூட்டை மட்டும் கழற்றித் தரச்சொன்னார். பாஸ் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டிக் கழற்றிக் கொடுத்தார். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, ‘மிச்சத்த எடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார். மெஷின் தலை வார்ப்பிரும்பு, ஒட்டாது. அதைத் துளையிட்டு போல்ட் நட் போட்டே பொருத்தினோம். பார்ப்பவர்களுக்கு அந்த போல்ட்டுகள் அசிங்கமாகத் தெரிகின்றன. எனக்கு அவை தெரிய வேண்டும்.

ஓர் உருவத்தைப் பற்றி எழுதும்போது நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை மறக்க முடியாது. 2001 மார்ச்சில் பாமியான் சிலைகளைத் தலிபான்கள் தகர்த்தபோது, கொழும்பில் முஸ்லிம்கள் தம் சிங்கள அயலவர் முகத்தைப் பார்க்கக் கூச வேண்டியிருந்தது. அந்தச் சிலைகள் ஆயிரம் வருடங்களுக்கு மேல் முஸ்லிம்களின் நடுவில்தானே நின்றிருந்தன என்று எடுத்துச் சொல்ல நம்மிடம் ஆட்கள் குறைவாக இருந்தார்கள். 2018 டிசம்பரில் மாவனல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் சேதமாக்கப்பட்டன. செய்தவர்கள் நம் இளைஞர்கள். நான்கு மாதங்களுக்குப் பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. மறுபுறத்தில், இங்கே சிலை வெறும் வழிபாட்டுப் பொருளாக மட்டும் நிற்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரவோடிரவாக ஒரு மேட்டில் எழும்பும் சிலை காணி உறுதியின் வேலையைச் செய்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் நின்றுகொண்டு, உருவம் என்பது சும்மா ரசிக்கும் பொருள் என்று பேசுவது அப்பாவித்தனம். உருவத்துக்கு வலிமை உண்டு என்பதை உடைப்பவனும் நடுபவனும் ஒருசேர ஒத்துக்கொள்கிறார்கள். ஹதீஸ்கள் எச்சரிப்பதும் அந்த வலிமையைத்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தியாயிருந்த முஹம்மத் அப்துஹு, வணங்கப்படும் ஆபத்து நீங்கியபின், அறிவையும் நினைவையும் காக்கும் உருவத்தைத் தடுக்கக் காரணமில்லை என்ற கருத்தை வெளியிட்டார். நமது நவீனவாதிகளுக்குப் பிடித்த கருத்து. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. வணக்கம் என்பது சுஜூதில் மட்டும் இல்லை. கட்சித் தலைவர்களின் கட்அவுட்டைப் பார்த்தவர்களுக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்ல வாய் வராது.

பாஸிடம் இதையெல்லாம் பேசினால், தன் வாதத்தை ஜித்தாவிலிருந்து எடுப்பார். அந்த நகரத்தின் கடற்கரை வீதியிலும் சுற்றுவட்டங்களிலும் 1970களில் நகராதிபதி முஹம்மத் ஸயீத் பார்ஸியின் காலத்தில் தொடங்கி ஏராளமான சிற்பங்கள் வைக்கப்பட்டன. ஹென்றி மூர், கால்டர், மீரோ போன்ற உலகப் பெரியவர்களின் வேலைகள். எல்லாம் மனித வடிவம் தவிர்த்தவை. ஒரு சுற்றுவட்டத்தில் பிரமாண்டமான சைக்கிள் ஒன்று நிற்கிறது. நம் ஊரிலிருந்து போன எத்தனையோ வெல்டர்களும் ட்ரைவர்களும் வீட்டுப் பணிப்பெண்களும் தினமும் அவற்றைக் கடந்து போயிருக்கிறார்கள். நான் நாற்பது வருடம் புத்தகத்தில் பார்த்த மூரை அவர் வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார்! ‘மக்கா போற வழியில இரிக்கிற ஊருலயே வெச்சிரிக்காங்க சேர். ஆனா தல இல்ல, முகம் இல்ல. அதான் கணக்கு’ என்பார்.

ஆகவே, நான் செய்துகொண்டிருந்தது என்னவென்று அவருக்குப் புரிந்த நாளில் சிக்கல் வந்தது. சைக்கிள் சட்டகம் இடுப்பாக, ஜன்னல் கம்பிகள் சீலையின் மடிப்பாக, மெஷின் தலை நெஞ்சோடணைத்த பிள்ளையாக அது ஏறத்தாழ ஐந்தரை அடிக்கு எழும்பியிருந்தது. தலைக்கென்று நான் ஒரு பெல்லின் பாதியை வெட்டி வைத்திருந்தேன். அதை ஒட்டும் இடம் உயரமானது. என் கைக்கு எட்டாது. குச்சி பிடிக்க அவர் வேண்டும். ‘மத்த எல்லாம் செஞ்சி தாறன். தலைய மட்டும் நான் ஒட்டமாட்டன் சேர்’ என்றார். கோபமில்லை, உபதேசமில்லை. கூலி பேசுவதுபோலத்தான் சொன்னார். சிலையின் தலையை அகற்றினால் அது மரம்போல ஆகிவிடும் என்று ஜிப்ரீல் (அலை) சொன்னதாக வரும் ஹதீஸ் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

முதலில் நான் இதை ஒரு சட்டத் தந்திரமாகவே பார்த்தேன். தலை இருந்தால் ஹராம், இல்லாவிட்டால் ஹலால் என்று நெஞ்சுக்கு வெளியே நடக்கும் கணக்கு. ஏணி வைத்து நானே ஒட்டியிருக்கலாம். வேறு பட்டறைக்கும் போயிருக்கலாம். ஆனால் நாலைந்து நாள் அது தலையில்லாமல் நின்றதைப் பார்க்கப் பார்க்க வேறொன்று தோன்றியது. கடல் எடுத்த பலருடைய முகங்களை நாங்கள் அடையாளம் காணவில்லை. அடக்கிய குழிகள் பொதுவானவை. அந்த உடலுக்கு நான் எந்த முகத்தை வைத்திருப்பேன்? ஏதோவொரு முகத்தை வைத்தால் அது ஒருத்தியாகிவிடும். மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டிவரும். இப்படிச் சொல்வதால் மார்க்கத் தீர்ப்புக்குக் கலைக் காரணம் கற்பித்துவிட்டேன் என்று என் நண்பரொருவர் சிரிக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயமுண்டு. காரணம் இரண்டு வழியாக வந்து ஒரே இடத்தில் முட்டினால், எது முதலில் வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு தொழிலாளி தன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஒட்டை ஒட்ட மறுத்தார். அந்த மறுப்பைச் சுற்றிக்கொண்டு போய் நிறைவேற்றிய சிற்பம், அவர் கை பட்ட மற்ற ஒட்டுகளையெல்லாம் பொய்யாக்கியிருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பெல்லின் பாதி இப்போது பட்டறையில் நட்டுகள் போடும் பாத்திரமாக இருக்கிறது.

எஞ்சியிருக்கும் தர்க்கம் பூச்சைப் பற்றியது. ரெட் ஒக்சைட் அடித்து மேலே இரண்டு கோட் பெயின்ற் போடாவிட்டால் எங்கள் கடற்காற்றுக்கு இரும்பு தாங்காது. வளைவுகளிலும் மூலைகளிலும் உப்பீரம் தங்கி உள்ளிருந்து தின்னும். பாஸின் கணக்குப்படி, மெல்லிய கம்பிகள் பத்து வருடத்தில் போய்விடும். சைக்கிள் சட்டகம் பதினைந்து தாக்குப்பிடிக்கலாம். வார்ப்பிரும்பான மெஷின் தலை எல்லாவற்றுக்கும் பிறகு நிற்கும். அது போதும் என்பது என் கட்சி. என்றென்றைக்கும் நிற்கும் என்ற எண்ணத்தில் நட்டு வைக்கப்படுவதுதான் மெல்ல மெல்ல வணக்கத்துக்குரியதாகிறது. கண் முன்னால் உதிர்ந்துகொண்டிருக்கும் ஒன்றை யாரும் வணங்கப்போவதில்லை. பாஸுக்கு இது வீண் பேச்சு. தன் பட்டறையிலிருந்து போன ஒரு வேலை பத்து வருடத்தில் உதிர்ந்ததென்று ஊர் பேசுவதை அவரால் ஒப்புக்கொள்ள முடியாது. ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பிறகும் இதைப் பேசுகிறோம். பெயின்ற் ரின்னை அவர் வாங்கி வைத்துவிட்டார். நான் இன்னும் மூடியைத் திறக்க விடவில்லை.